ஞாயிற்றுக்கிழமைப் பல்செட்

என் மூக்குக்கண்ணாடி சென்னையில் இருக்கும்போது நான் தூத்துக்குடியில் இருப்பேன். நான் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தால் அது எப்படியோ தூத்துக்குடியில் தங்கிவிட்டிருக்கும். ஊருக்கு ஒன்று இருக்கட்டும் என்று இரண்டு கண்ணாடி வாங்கினேன். கொஞ்ச நாளில் இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்து குடித்தனம் நடத்தத் தொடங்கின. குடைக்கும் இதே கதை. செல்போன் சார்ஜர் கதையைச் சொல்லவே வேண்டாம். இரண்டு நகரங்களில் வாழ்வதைப் பற்றி எழுதுகிறவர்கள் வேர், சிறகு, அடையாளம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது சார்ஜர் தேடுகிற வாழ்க்கை, அவ்வளவுதான்.

நான் பல் டாக்டர். திங்கள் முதல் வெள்ளி வரை சென்னையில் ஒரு பெரிய பல் மருத்துவமனையில் வேலை. வெள்ளி மாலை ரயிலேறினால் சனி காலை தூத்துக்குடி. அங்கே கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு தெருவில், மக்ரூன் செய்கிற பேக்கரிக்கு மேல்மாடியில், என் சொந்த கிளினிக். அதற்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில்தான் தூக்கமும் சமையலும். கீழே முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்து வேகிற மணம் படியேறி வந்து என் நோயாளிகளின் நாக்கில் நீர் ஊற வைக்கும். சீனி விற்கிறவர் கீழே, பல் பிடுங்குகிறவள் மேலே. ஒரு பல் டாக்டருக்கு இதைவிட நல்ல அக்கம்பக்கம் அமையாது. ஞாயிறு மாலை மறுபடி ரயில். திங்கள் காலை எழும்பூரில் இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துத் தலைவாரினால் சென்னைக்காரி ஆகிவிடுவேன்.

எதற்கு ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைக்கிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. காரணம் எளிது. எங்கள் ஊர்ப் படகுகள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. எங்கள் முன்னோர்கள் ஞானஸ்நானம் வாங்கிய காலத்திலிருந்து வருகிற பழக்கம். மற்ற நாளெல்லாம் விடியுமுன் போய் இருட்டிய பிறகுதான் கரை சேர்வார்கள். பல் வலித்தால் ஒரு கிராம்பை அதக்கிக்கொண்டு வலை இழுப்பார்கள். ஞாயிறு காலை முதல் பூசை முடிந்ததும், ஆன்மாவைச் சாமியாரிடம் காட்டிவிட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு வாயை என்னிடம் காட்ட வருவார்கள். தவக்காலத்தில் மட்டும் கூட்டம் குறையும். கறி தின்னாத நாளில் பல்லுக்கு என்ன வேலை என்று நினைப்பு. ஈஸ்டர் பிரியாணி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் பேக்கரிப் படிக்கட்டு நிரம்பிவிடும். சனிக்கிழமை காயல்பட்டினத்து ஆட்களுக்கு. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் அங்கே வலித்த பல்லை இங்கே வைத்தியம் பார்க்கலாம் என்று பத்திரமாகக் கொண்டு வருவார்கள். லீவு முடிவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அவர்கள் சொல்லுகிற அவசரத்தில் தீயணைப்பு வண்டிதான் ஓட வேண்டும்.

ஆக, தூத்துக்குடியின் பல்லெல்லாம் சனி ஞாயிறுகளில்தான் வலிக்கும் என்ற ஏற்பாட்டில் என் வாழ்க்கை பல வருஷம் ஓடியது.

எனக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று கேட்டால் இரண்டும் பிடிக்கும். மழுப்பவில்லை. சென்னையில் என்னை யாருக்கும் தெரியாது. நாற்காலியில் வந்து உட்காருகிறவர் எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்பார், செல்போனைப் பார்ப்பார், வாயைத் திறப்பார், போவார். நான் யார் மகள், யாருக்கு வாக்கப்பட்டேன், ஏன் இளைத்தேன் என்று ஒரு கேள்வி கிடையாது. அந்த நிம்மதிக்கு நான் என்ன விலையும் கொடுப்பேன். தூத்துக்குடியில் ஒரு மனிதர், வாயில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, என் சித்தப்பா மகனுக்குப் பெண் அமைந்துவிட்டதா என்று கையைக் காட்டிச் சைகையில் கேட்டார்.

ஆனால் சென்னையில் நான் வரிசையில் ஒரு நாற்காலி. என் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய மேலாளர் ஒருவர் நடந்துகொண்டே இருப்பார். சொத்தைப் பல்லை அடைக்க வந்தவரிடம் புன்னகைத் திட்டம் என்று ஒன்றை விற்க முடியுமா பாருங்கள் மேடம் என்பார். தூத்துக்குடியில் நான்தான் ராணி. கடற்கரையில் ஒருவரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத ஆட்கள், மூன்று படகு வைத்திருக்கிறவர்கள், ஏலத்தில் கத்தினால் அடுத்த தெருவில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும் தொண்டைக்காரர்கள், என் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடப்பார்கள். வெற்றிலை போடாதே என்று சொன்னேனா இல்லையா, இது வாயா சுண்ணாம்புக் காளவாயா என்று நான் கேட்பேன். அவர்களால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத ஆண்களை வாரா வாரம் அதட்டுகிற சுகம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும் என்று தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது. விட மனம் வரவில்லை.

இதில் இடையில் மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர். சென்னையில் பிறந்து வளர்ந்தவர். தணிக்கை அலுவலகத்தில் வேலை. அடுத்தவர் சொல்லுகிற காரணங்களை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். மகள் வெளிமாநிலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அவர் மட்டும்தான். காலையில் வாரத்துச் சட்டைகளையெல்லாம் தேய்ப்பார். மதியம் ஒரு குழம்பு வைப்பார். வீடியோவில் கூப்பிட்டுத் தட்டைக் காட்டுவார். "கத்தரிக்காய் நல்லா வந்திருக்கு பாரு" என்பார். நான் கையுறையோடு திரும்பி, "ஆமா, சூப்பர், ஒரு பல்லு பாதியில நிக்குது, வச்சிடறேன்" என்பேன். தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு இருக்காது. அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுப் பல்லுக்குத் திரும்பிவிடுவேன்.

ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர் கேட்டுவிட்டார்.

"அந்த கிளினிக்க மூடிடேன்."

நான் மோரை ஊற்றிக்கொண்டிருந்தேன். "ஏன், திடீர்னு?"

"திடீர்னு இல்ல. எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும். அவ்வளவுதான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். மெதுவாகச் சொன்னார். பதினெட்டு வருஷக் கல்யாணத்தில் அந்த மனிதர் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. கேட்டதும் ஒரு கிழமை. நான் மூடிவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஒருத்தருக்குச் செட்டுக்கு அளவெடுத்திருக்கேன். பாதியில விட்டுட்டு வர முடியாதுல்ல? அது சரியா உக்காந்ததும் மூடிடறேன்."

"ஒரே ஒரு ஆளு?"

"ஒரே ஒரு ஆளு. புது ஆளுங்கள இனிமே எடுக்கல."

"சரி" என்று மோருக்குக் கை நீட்டினார்.

அந்த ஒரே ஒரு ஆள், மூன்று விசைப்படகுக்குச் சொந்தக்காரர். படகு முதலாளியை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். சம்மாட்டிக்கு நல்ல உடம்பு, வெள்ளை மீசை, பெரிய குரல். பல்லை மட்டும் வெற்றிலைக்கும் அலட்சியத்துக்கும் ஒவ்வொன்றாகத் தாரை வார்த்திருந்தார். மிச்சமிருந்த சிலதையும் நான்தான் பிடுங்கினேன். மேலும் கீழும் முழு செட். மெழுகில் வைத்துப் பார்த்தபோதே கண்ணாடியைக் கையில் வாங்கி வெகுநேரம் தன் முகத்தைப் பார்த்தார். "நம்ம கல்யாண போட்டோல உள்ளவன் மாதிரில்லா இருக்கான்" என்றார். செட் தயாராகி வாயில் வைத்தபோது ஆட்டம் அசைவு இல்லாமல் உட்கார்ந்தது. கீழ்செட் இப்படி முதல் தடவையிலேயே உட்காருவது அபூர்வம். நான் பெருமையாகக் கையைக் கழுவினேன்.

அடுத்த ஞாயிறு வந்து சொன்னார்: "இடிக்கி."

"எங்க அண்ணாச்சி?"

"இங்கன." இடது பக்கம் விரலை வைத்தார்.

இது வழக்கம்தான். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி புதுச் செட்டும் ஈறில் எங்காவது கடிக்கும். அந்த இடம் சிவந்திருக்கும். அதைப் பார்த்து, செட்டில் அதற்கு நேரான இடத்தை மோட்டாரால் ராவிவிட்டால் சரியாகிவிடும். ராவினேன். அடுத்த ஞாயிறு வலது பக்கம் இடித்தது. அதற்கடுத்த ஞாயிறு பின்பக்கம். பிறகு மறுபடி இடது. கொண்டல் காற்று வீசினால் இடது பக்கம், கச்சான் வீசினால் வலது பக்கம் என்று நான் கிளினிக் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். எனக்குக் கருவியெடுத்துக் கொடுக்கிற அந்த அக்கா சிரிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான காகம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஈறு முழுக்க விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எங்கும் சிவப்பு இல்லை. பிறந்த குழந்தையின் வாய் மாதிரி இருந்தது. கடிக்கும்போது எங்கே முட்டுகிறது என்று பார்க்க நீலத்தாள் வைப்போம். வைத்துக் கடிக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொட்டு விழுந்தது. அந்தச் செட்டில் ராவுவதற்கு ஒன்றுமில்லை. இனியும் ராவினால்தான் இடிக்கும்.

"இங்கனதான் டாக்டரம்மா. ஊசி வச்சுக் குத்துத மாதிரி" என்றார் சம்மாட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு.

நான் செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். மோட்டாரை அழுத்தினேன். அது காற்றில் ஓடியது. செட்டின் மேல் படவே இல்லை. சத்தம் மட்டும் நன்றாக வந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, செட்டைக் கழுவி, வாயில் மாட்டினேன்.

அவர் மேலும் கீழும் அசைபோட்டுப் பார்த்தார். "ஆங். இப்பம் தேவல."

"அடுத்த ஞாயிறு வந்து காட்டுங்க" என்றேன்.

"வராம?" என்றார்.

இருவருமே தொழிலில் சுத்தமானவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்று மாலை வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "இன்னும் இடிக்குதாம்" என்றேன். அவர் "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

விஷயம் இன்னொரு சனிக்கிழமை அக்கா வாயிலிருந்தே வெளியே வந்தது. நான் எதையோ தேடிக்கொண்டு, "இந்த மனுசனுக்கு மட்டும் ஏன்க்கா இப்படி?" என்று சும்மா கேட்டேன்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் அக்கா. "நீங்க போன்ல ஐயாட்ட பேசுனதக் கேட்டேன். அவரு செட்டு சரியாச்சுன்னா நீங்க கிளினிக்க மூடிருவியன்னு நான்தான் சங்கத்துல சொன்னேன்."

"எந்தச் சங்கத்துல?"

"படகுக்காரங்க சங்கத்துல. கூட்டம் போட்டுப் பேசிருக்காவ. சம்மாட்டிக்கு இடிச்சிக்கிட்டே இருக்கணும்னு முடிவாயிருக்கு. வெளிய நாலு பேரு பாக்கையில கெட்டியா எதையும் திங்கக் கூடாது, கஞ்சிதான் குடிக்கணும்னு சொல்லிட்டாவ. அவரும் ஒத்துக்கிட்டாரு."

டீசல் மானியத்துக்கும் தடைக்கால நிவாரணத்துக்கும் கூடுகிற சங்கம். அதில் என் ஒரு செட்டுக்குத் தனியாகக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். கூப்பிட்டு அதட்ட வேண்டியவள் நான். எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன்: கர்வமாக இருந்தது. சென்னையில் நான் ஒரு நாள் வரவில்லை என்றால் அடுத்த நாற்காலிக்கு நோயாளியைத் தள்ளுவார்கள். இங்கே என்னை இருத்தி வைக்க ஒரு பெரிய மனிதர் கஞ்சி குடிக்கிறார்.

"எனக்குத் தெரியாத மாதிரி இருங்கக்கா" என்றேன்.

"நீங்க மோட்டார காத்துல ஓட்டுதது எனக்கு முன்னமே தெரியும்" என்றார் அக்கா. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

இப்படியே இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். சம்மாட்டி தன் இளைய மகளுக்குக் கல்யாணம் வைத்தார். ஒரு திங்கட்கிழமை. "ஐயாவும் வந்து சேரணும்" என்று அழைப்பிதழை இரண்டு கையாலும் நீட்டினார். நான் சென்னையில் லீவு சொன்னேன். வீட்டுக்காரரும் வந்தார். "அந்தப் பல்செட்காரர் வீட்டுக் கல்யாணமா? பாக்கணும் அவரை" என்று உற்சாகமாகவே கிளம்பினார்.

கோவிலில் பூசை முடிந்து, மண்டபத்தில் மதிய விருந்து. ஆட்டுக்கறி பிரியாணி. பெண்ணைப் பெற்றவர் ஓடியாடிக் கவனித்துவிட்டுக் கடைசியில் எங்கள் பந்தியிலேயே வந்து, எதிர்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் சங்கத்து ஆட்கள். அவர் இலைக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் ரசம் விட்டுக் குழைத்த சோறு வந்தது. ஏற்பாடு கெட்டியாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "மக கல்யாணத்துலயும் கஞ்சிதானா, ச்சே" என்று என் காதில் சொன்னார். நான் பரிமாறுகிறவரிடம் தண்ணீர் கேட்டேன்.

யாரோ பரிமாறுகிறவர், விவரம் தெரியாத ஆள், சம்மாட்டியின் இலையில் ஒரு நல்லி எலும்பை வைத்துவிட்டுப் போனார். சம்மாட்டி அதைப் பார்த்தார். ஒதுக்கி வைத்தார். சோற்றைக் குழைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு அந்த மனிதர், சுற்றுமுற்றும் பார்க்காமல், எலும்பை எடுத்து வாயில் வைத்தார். படீர் என்று ஒரு சத்தம். என் செட்டால் அப்படி ஒரு கடி கடிக்க முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளிருந்ததை உறிஞ்சினார்.

சங்கத்து ஆட்கள் எல்லாம் சம்மாட்டியைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இலையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எலும்பிலிருந்து ஆரம்பித்து, சம்மாட்டி, சங்கம், ரசம் சோறு, நான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொழில் பழக்கம். பிறகு தலையைக் குனிந்து சாப்பிட்டார்.

விருந்து முடிந்து கடற்கரைச் சாலையில் நடந்தோம். உச்சி வெயில். நிழலுக்கு ஒரு கடை ஓரமாக நின்றபோது கேட்டார்.

"அவர் எலும்பைக் கடிச்சதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நேத்து ஞாயித்துக்கிழமை. அவருக்கு என்ன சரி பண்ணின?"

"பின்பக்கம் கொஞ்சம்..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை. நேற்று மோட்டார் காற்றில் ஓடிய சத்தம் காதிலேயே இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "அவர் பொய் சொல்றது எனக்குப் புரியுது. அவருக்கு டாக்டர் வேணும். நீ ஏன்?" என்றார்.

கிளினிக்குக்கு நடந்து வந்து, கீழே பேக்கரியில் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கினார். எனக்கு ஒன்று தராமல், மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தார். சீனி கூடாது என்று மருத்துவர் சொன்ன மனிதர். நான் தடுக்கவில்லை. அன்று மாலை ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். அந்த வாரம் முழுக்க வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு நடந்தது.

அடுத்த ஞாயிறு முதல் பூசை முடிந்து சம்மாட்டி வந்தார். நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். நான் விளக்கை இழுத்தேன், மோட்டாரைக் கையில் எடுத்தேன்.

"எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"எந்தப் பக்கமும் இல்ல."

"வலது பக்கமா?"

"எங்கனயும் இடிக்கல டாக்டரம்மா."

"நல்லாக் கடிச்சுப் பாருங்க. பின்பக்கம் லேசா உறுத்தும்."

"உறுத்தல."

"அண்ணாச்சி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன வாரம் ஊசி குத்துற மாதிரின்னீங்க."

அவர் எழுந்து நேராக உட்கார்ந்தார். "ஏளா, போதும்ளா. என்னால முடியல. எம்புட்டு நாளா நண்டு திங்காம இருக்கேன் தெரியுமா? எம் படகுல பிடிச்ச நண்டு, அடுத்தவன் ஒடச்சுத் திங்கான், நான் கூழு குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சங்கத்துல சொல்லிட்டேன், வேற ஆளப் போட்டுக்கிடுங்கன்னு. நீ மூடுதியோ, தொறக்கியோ, உம் பாடு. நான் வீட்டுக்குப் போறேன், வீட்டுக்காரி நண்டு வாங்கி வச்சிருக்கா."

போய்விட்டார். படியிறங்குகிற சத்தத்தில்கூட ஒரு குதியாட்டம் இருந்தது. நான் மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேருக்குச் செட் வைத்திருக்கிறேன். சரியாகிவிட்டது என்று ஒரு நோயாளி சொன்னதற்கு எனக்கு அழுகை வந்தது அன்றுதான்.

அழக்கூட நேரம் தரவில்லை. அக்கா அடுத்த ஆளை உள்ளே விட்டார். படகோட்டிப் பையன் இல்லை, நல்ல நடுவயசு ஆள், சங்கத்தில் ஏதோ பொறுப்பில் இருக்கிறவர். மரியாதையாக உட்கார்ந்தார்.

"செட்டு வைக்கணும். அளவெடுக்கணும்" என்றார்.

வாயைத் திறக்கச் சொன்னேன். வாய் நிறையப் பல். ஒன்றில்கூட சொத்தை இல்லை. தேங்காயை உரிக்கக் கொடுத்தாலும் உரிக்கும்.

"எதுக்கு செட்டு?"

"வச்சுப் பாப்போம்" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு. "தேவைன்னா பிடுங்கிக்கிடுங்க."

எழுந்து போகச் சொன்னேன். போகிற போக்கில், இடித்தாலும் இடிக்காவிட்டாலும் அடுத்த வாரம் வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டு போனார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் பயமும் வந்தது. சாக்குச் சொல்ல எனக்கு இனி ஒருவர் பல்லும் இல்லை. இன்னொருவர் ஆரோக்கியமான பல்லைப் பிடுங்கினால் உண்டு.

பின்னறைக்குப் போய்ப் போன் செய்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். வீடியோ இல்லாமல்தான் பேசினார்.

"அவருக்கு இடிக்கல" என்றேன்.

"சரி."

"செட்டு முடிஞ்சுது."

"சரி." அவர் காத்திருந்தார். மூடிவிட்டேன் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"எனக்கு இதை மூட மனசில்ல" என்றேன். "யாருக்கோ பல்லு வலிக்குதேன்னு இல்ல. அவங்களுக்கு வேற டாக்டர் கிடைப்பாங்க. எனக்கு இங்க வர்றது பிடிச்சிருக்கு. இவங்கள அதட்டறது பிடிச்சிருக்கு. அங்க வர்றதும் பிடிச்சிருக்கு. ரெண்டும் வேணும் எனக்கு. நீங்களும் வேணும். ஆசைக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் வேலைன்னு சொல்லிட்டிருந்தேன்."

குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"இதச் சொல்ல உனக்கு இன்னொருத்தர் பல்லு தேவைப்பட்டுச்சா?" என்றார்.

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வேலைன்னு நெனச்சப்ப தனியா சாப்பிடறது சுலபமா இருந்துச்சு" என்றார். "பாவம், யாருக்கோ வலிக்குது, போயிருக்கான்னு நெனச்சுக்குவேன். இப்ப அது இல்ல. இப்ப நீ போகணும்னு போறே. அது வேற மாதிரி இருக்கு. கொஞ்ச நாள் ஆகும்."

இதைவிட அவர் திட்டியிருக்கலாம். பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல், நன்றாக அழுதேன். கீழேயிருந்து மக்ரூன் மணம் வந்துகொண்டிருந்தது. வெளியே இரண்டு பேர் பல்வலியோடு காத்திருந்தார்கள். நிஜமான பல்வலி. முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

இருவரும் பேசி முடிவு செய்தபடி, இப்போது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் தூத்துக்குடியில் கிளினிக். சங்கத்தில் இதற்கும் கூட்டம் போட்டார்கள், முணுமுணுத்தார்கள், வேறு வழியில்லாமல் பல்வலியை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். மற்ற ஞாயிறுகளில் சென்னையில் இரண்டு தட்டு வைக்கிறோம். கத்தரிக்காய் நிஜமாகவே நன்றாகத்தான் வைக்கிறார். அத்தனை நாளும் நான் ருசி பார்க்காமலேயே பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "கிளம்பறப்ப வேலை இருக்குன்னு சொல்லாதே."

அப்படிக் கிளம்பிய முதல் வெள்ளிக்கிழமை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். பல வருஷப் பழக்கம். வாய் தானாக "வேலை" என்று ஆரம்பித்தது. நிறுத்தினேன். நாற்பத்தைந்து வயதில் கட்டிய புருஷனிடம் இதைச் சொல்ல அவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"ஆசையா இருக்கு. போயிட்டு வரேன்" என்றேன்.

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் என் சார்ஜர் இருந்தது. அதைச் சுருட்டி என் பையில் போட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.